அரை நாள் ஆப்சென்ட்

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பாசிரியராக இருந்த காலத்தில், காலை வழிபாட்டுக் கூட்டம் தொடங்கியதும் வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பிந்தி வந்தால் முற்பகல் முழுவதும் ஆப்சென்ட் என்பது நாங்களாகவே வகுத்துக்கொண்ட விதி. பிரம்பைத் தொடக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்ட பிறகு, கையில் மிஞ்சிய ஒரே ஆயுதம் வருகைப் பதிவேடுதான் என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. அதில் எனக்கும் பங்குண்டு.

மழை மிகுந்து மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டால் சிக்கல் இல்லை. விடுமுறை அறிவிக்காத ஜூலை மாதக் காலைகள்தாம் சோதனை. தேவாலாப் பக்கம் மரம் விழுந்தால் பேருந்து நின்றுவிடும். தேயிலைக்காட்டுக் குறுக்குப் பாதையில் யானை நின்றால், அது நகரும்வரை லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள், மேட்டிலேயே காத்திருக்க வேண்டும். ஒருமுறை கதவுக்கு வெளியே நின்ற மாணவன் ஒருவன், அட்டை கடித்து ரத்தத்தில் ஊறியிருந்த காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தும் நான் கதவைத் திறக்கவில்லை. விதி விதிதானே!

தை பிறந்த பிறகு, பொதுத்தேர்வுக்கு வேண்டிய 75 விழுக்காட்டு வருகையைக் கணக்கிட உட்கார்ந்தேன். வேலை நாள் 220 என்றால் 165 நாள் வந்திருக்க வேண்டும். அந்த மாணவன் விளிம்பில் நின்றான். தாமதத்துக்கான அரை நாள்கள் மட்டும் இவ்வளவு சேர வழியில்லையே என்று பதிவேட்டைப் புரட்டியபோது, பெரும்பாலான நாள்களில் பிற்பகலுக்கும் சிவப்புக் குறியே இருந்தது.

அவனுடைய தாயாரை அழைத்து விசாரித்தோம். அவர்களுடையது, 1964-ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுள் ஒன்று. அவருக்கு இதில் வியப்பே இல்லை. "நேரம் பிந்திப் போனா பெரட்டுல பேரு இல்லைங்க சார், திரும்பிட வேண்டியதுதான். அவனும் அதத்தான் செஞ்சிருக்கான்" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதிவது. கதவைப் பூட்டி நான் கற்பித்தது நேரந்தவறாமை என்று நம்பியிருந்தேன். அவன் கற்றுக்கொண்டதோ வீடு திரும்புவதை. அரை நாள் எப்படியும் போய்விட்டது, மீதி அரை நாளுக்காக மூன்று மணி நேரம் மழையில் நிற்பானேன் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை காண முடியவில்லை. மீதமிருந்த நாள்களில் ஒன்றையும் தவறவிடாமல் வந்து அவன் தேர்வெழுதினான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தலைமையாசிரியரிடம் பேசி மறு ஆண்டு விதியை மாற்றினோம். எப்போது வந்தாலும் உள்ளே விடுவது, முற்பகல் வருகை தருவது, வந்த நேரத்தையும் காரணத்தையும் ஒரு தனிக் குறிப்பேட்டில் மாணவனே எழுதுவது. முதல் வாரத்தில் லயத்துப் பிள்ளைகள் "9.50, யானை", "9.40, பஸ் வரவில்லை" என்று எழுதினார்கள். இரண்டாம் வாரத்தில், பள்ளிச் சுவரை ஒட்டிய வீட்டிலிருந்து வரும் பையனும் "9.45, யானை" என்று எழுதி, அடியில் அழகாகக் கையொப்பமும் இட்டிருந்தான்.