சூசாக் சிண்ட்ரோம்: கண்ணில் தொடங்கிக் காதில் பிடிபட்டது

வலது கண்ணில் மேல் ஓரம் மட்டும் சாம்பல் நிறமாக மறைத்தது. வலி இல்லை, சிவப்பும் இல்லை. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தேன், பார்வை 6/6. சொட்டு மருந்து விட்டுப் பார்த்த விழித்திரை மருத்துவர்தான் கீழ்ப்பக்கச் சிறு தமனி (ரத்தம் கொண்டுவரும் குழாய்) ஒன்று அடைத்திருப்பதாகச் சொன்னார். மேலே மறைத்தால் அடைப்பு கீழே இருக்குமாம்.

இந்த இளம் வயதில் அடைப்பு என்றதும் எல்லாரும் இதயத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன், ரத்தம் உறைதல் சோதனை, எல்லாமே நார்மல். ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் இடது கண்ணிலும் ஒரு மறைப்பு வந்தது.

இந்த முறை பார்த்தவர் வேறு மருத்துவர். "காதுல இரைச்சல் ஏதும் இருக்காம்மா? தலைவலி?" என்றார். இரண்டும் இருந்தன. பழைய ஃபிரிட்ஜ் ஓடுவதுபோல் இடது காதில் ஒரு ரீங்காரம். கண் ஆஸ்பத்திரியில் போய்க் காதைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஃபுளோரசின் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றி, நீல வெளிச்சத்தில் விழித்திரையின் ரத்தக் குழாய்களைப் படம் பிடிப்பார்கள். கொஞ்சம் குமட்டும், அன்று சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். அடைத்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், தள்ளியிருந்த தமனிச் சுவரிலும் சாயம் கசிந்து மின்னியது. எங்கிருந்தோ ரத்தக்கட்டி வந்து அடைக்கவில்லை, குழாய்ச் சுவரே புண்பட்டிருக்கிறது என்று திரையில் தொட்டுக் காட்டினார். ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனையில் தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்கவில்லை. எம்ஆர்ஐயில், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பகுதியின் நடுவே உருண்டைப் புள்ளிகள்.

சூசாக் சிண்ட்ரோம். நம் எதிர்ப்பு சக்தியே மூளை, விழித்திரை, உட்காது மூன்றின் நுண் குழாய்களையும் தாக்கும் அரிய நோய். அமெரிக்க மருத்துவர் ஜான் சூசாக் 1979இல் விவரித்தது. 20 முதல் 40 வயதுப் பெண்களுக்கே அதிகம். மூன்று தொல்லையும் சேர்ந்தே வரும் என்றில்லை; அதனால் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் என்று தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு டிரிப், நாளுக்கு 1 கிராம். பிறகு ஸ்டீராய்டு மாத்திரை, கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபீனோலேட். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது. "நிறுத்திடேன்டி" என்று அத்தை சொல்லாத நாளில்லை. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இழந்த ஓரப் பார்வை திரும்பவில்லை. புது அடைப்பும் வரவில்லை. நமக்கு எதுவும் தெரியாமலே கசிவு தொடரலாம் என்பதால் ஆஞ்சியோகிராம் மட்டும் அவ்வப்போது உண்டு. கண், காது, நரம்பு மூன்று டாக்டருக்கும் இப்போது ஒரே ஃபைல்தான் கொண்டுபோகிறேன்.