290 வாட்டுக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஸ்டூடியோவுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க நாளைக்கு நாலு பேர் வந்தால் அதிகம். பையனுக்கு அரையாண்டு விடுமுறையும் அதே சமயத்தில்தான் வரும். இரண்டும் சேர்ந்துகொண்டதால், எட்டு வருடம் கல்யாண ஆல்பம் போட்டுத் தேய்ந்த டெஸ்க்டாப்பைப் பிரித்து சாப்பாட்டு மேசைமேல் பரப்பிவிட்டேன்.

அது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, மினி டவர். உள்ளே இருப்பது ஐ5-4570, நாலு கோர், 2013-இல் வந்த சிப். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துவிட்டதை 2017-இல் சென்னை ரிச்சி தெருவில் 14,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். தீபாவளிக்கு ஸ்டூடியோவுக்குப் புதுசு வந்ததும் இது திண்டிவனம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒன்பதாவது படிக்கும் பையன் வந்த அன்றைக்கே, "அப்பா, இதுல வாலரன்ட் ஓடுமா?" என்று கேட்டான். வாலரன்ட் என்பது ஆன்லைனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். பட்ஜெட் 12,000 என்று பேசி முடிவானது. பேசியது நான், முடிவு செய்தது என் மனைவி.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் விற்கும் ஒரு ஆப்பில் 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, 2,500 ரூபாய்' என்று ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. படத்தில் பின்பக்கம் நீல நிற விஜிஏ போர்ட், அதாவது பழைய வகை மானிட்டர் ஒயர் சொருகும் இடம், தெரிந்தது. என் மானிட்டரில் இருப்பதும் விஜிஏ மட்டும்தான். நமக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே என்று உடனே பணத்தை அனுப்பினேன். கார்டு வந்தது, மாட்டினேன், படமும் வந்தது. டிரைவர் மட்டும் போடப் போட நின்றுபோனது. ஜிபியு-இசட் என்று ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கிறது. அதைத் திறந்தால் கார்டின் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'போலி' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. உள்ளே இருந்தது ஜிஎஃப்108, 2010-இல் வந்த சிப். அதன் பயாஸை, அதாவது கார்டு தன்னை யாரென்று சொல்லும் உள் புரோகிராமை, மாற்றி எழுதி 1050 டிஐ என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். அசல் 1050 டிஐ-யில் விஜிஏ கிடையாது. அந்தத் தலைமுறை சிப்புகளில் விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் அவுட்புட்டையே எடுத்துவிட்டார்கள். நான் எதைப் பார்த்து ஆசைப்பட்டேனோ அதுவேதான் போலிக்கு அடையாளம். விற்றவரின் போன் அன்று மாலையிலிருந்து சுவிட்ச் ஆஃப்.

2,500 போன பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கல்யாண மண்டபத்தில் வீடியோ லைட் போடுவதற்கு முன்னால் எந்த போட்டோகிராபரும் முதலில் கேட்பது, "அண்ணே, இந்த லைன் எவ்வளவு தாங்கும்?" என்பதுதான். இருபது வருடமாக அதைக் கேட்கிற நான், கம்ப்யூட்டர் என்றதும் நேராகக் கார்டுக்குப் போயிருக்கிறேன்.

மூடியைத் திறந்து பவர் சப்ளை லேபிளைப் படித்தேன். 290 வாட். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாகக் கொடுக்கும் 6 பின், 8 பின் ஒயர் எதுவும் அதில் இல்லை. பெரிய பவர் சப்ளை வாங்கி மாட்டலாம் என்றால், சாதாரணமாகக் கடையில் கிடைப்பது 24 பின், இந்த மதர்போர்டில் இருப்பதோ 8 பின். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் ஒயர் போட்டால் வேலை செய்யும். ஆனால் பவர் சப்ளை, ஒயர் என்று ஆரம்பித்தாலே பட்ஜெட்டில் கால்வாசி போய்விடும். ஆகவே கார்டு முழுக்க அதை மாட்டும் போர்டு ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். சிபியு, அதாவது அந்த ஐ5 சிப், 84 வாட், கார்டு 75, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 40 என்று வைத்தாலும் 200-ஐத் தொடாது. 290-க்கு அது சுகமான லோடு.

இந்தக் கணக்கைப் போட்டதுமே பட்டியல் தானாகச் சுருங்கிவிட்டது. எல்லோரும் சொல்கிற ஆர்எக்ஸ் 580 வேண்டாம். அதற்கு 185 வாட் வேண்டும், 8 பின் ஒயரும் வேண்டும். தவிர, 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ காசுக்காக கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்றபோது சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகளில் அதுவும் ஒன்று. இரவு பகலாக ஓடியது எது, ஓடாதது எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான், ஆனால் அது ஸ்லாட்டில் டேட்டா போகும் பாதைகளில் (லேன்) நாலை மட்டும் பயன்படுத்தும். என் போர்டின் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 வகை என்பதால் அதன் வழி பாதியாகக் குறுகிவிடும். மிஞ்சியது அசல் 1050 டிஐ-யும் ஜிடிஎக்ஸ் 1650-ம். இரண்டும் 75 வாட், இரண்டும் 4 ஜிபி. 2016-இல் வந்த 1050 டிஐ தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2019-இல் வந்த 1650-க்கு இன்னும் வருகிறது. சரி, 1650 தான்.

ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் ரிச்சி தெரு. கடைக்காரத் தம்பி இரண்டு 1650 எடுத்து வைத்தார். ஒன்றின் தலையில் 6 பின் சாக்கெட் இருந்தது. ஒரே பெயரில் இப்படி இரண்டு விதமும் வருகிறது, கவனிக்காமல் வாங்கினால் வீட்டில் போய்த்தான் முழிக்க வேண்டும். சாக்கெட் இல்லாததை எடுத்து, அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி ஜிபியு-இசட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். "என்னண்ணே, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். என் 2,500 கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு இருபது நிமிஷம் ஒரு டெஸ்ட்டும் ஓட விட்டார். 7,200 சொன்னது 6,800-க்கு வந்தது. பழைய 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று 900, புது 480 ஜிபி எஸ்எஸ்டி 2,600, தெர்மல் பேஸ்ட் 150, எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் 350. ஆக 10,800. ரயில் டிக்கெட்டையும் பிரியாணியையும் கணக்கில் சேர்க்கவில்லை. போலி கார்டின் 2,500-ஐ மனைவியும் இன்னும் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது அவளுக்குத் தெரியாது.

ரேம் பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே இருந்தது 8 ஜிபி, ஒரே குச்சி. இன்னொன்று போட்டால் 16 ஆகும் என்பது பாதி லாபம்தான். இரண்டு குச்சி இருந்தால் இரண்டு சேனலும் சேர்ந்து வேலை செய்யும், நொடிக்கு 12.8 ஜிபி போகிற வழி 25.6 ஆகிவிடும். ஒரே நிறத்து ஸ்லாட்டுகளில் போட வேண்டும், அவ்வளவுதான். 900 ரூபாய்க்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு எதிலும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

மாட்டுவதற்கு முன்னால் தூசி. ஸ்டூடியோ திரைச்சீலையின் பஞ்சு, எதிர்க் கடை மாவு மில்லின் புகை மாதிரி மாவு, எல்லாம் ஹீட் சிங்கில் கம்பளி விரித்திருந்தது. லென்ஸ் ஊதும் ரப்பர் பந்து அதற்குப் பத்தவில்லை. பெயின்ட் பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டியிருந்தது. சிபியு மேல் இருந்த பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. துடைத்துப் புதுசு தடவி மூடினேன். முன்பு ஆல்பம் எக்ஸ்போர்ட் செய்யும்போது 91 டிகிரி காட்டும். இப்போது கேம் ஓடும்போதும் 70-ஐத் தாண்டவில்லை. இந்த 150 ரூபாய் வேலையை ஐந்து வருடம் முன்பே செய்திருக்கலாம்.

முதல் தடவை ஆன் செய்தபோது திரை கறுப்பு. இரண்டு பேருக்கும் வயிறு கலங்கியது. ஐந்து நிமிஷம் கழித்துப் பையன்தான் கண்டுபிடித்தான்: பழக்க தோஷத்தில் மானிட்டர் ஒயரை போர்டின் விஜிஏ-விலேயே நான் சொருகியிருந்தேன்.

வாலரன்ட் நொடிக்கு நூறு ஃப்ரேமுக்குக் கீழே போகவில்லை. மானிட்டர் 1366-க்கு 768, அதுவும் 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு அறுபது படம்தான் காட்டும் என்பதால் அந்த நூறில் நாற்பது சும்மா போகிறது. சின்னத் திரை என்பதால் கார்டுக்கும் வேலை குறைவு, அது ஒரு விதத்தில் எங்களுக்கு லாபம். நான் ஜிடிஏ 5 போட்டுப் பார்த்தேன். சிக்னலில் நின்று நின்று கார் ஓட்டுகிறேன் என்று பையனுக்கு என்மேல் கோபம்.

விண்டோஸ் 10-லேயேதான் இருக்கிறது. நாலாம் தலைமுறை சிப்புக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றினாலும் அங்கே வாலரன்ட் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், 10-இல் கேட்பதில்லை. லினக்ஸ் போடலாம் என்றால் அந்த கேம் அங்கே ஓடவே ஓடாது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டதால், இந்த மெஷினில் பேங்க், ஜிபே எதையும் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

குறை இல்லாமல் இல்லை. ஜிடிஏ-வில் ஊருக்குள் வேகமாகப் போனால் அங்கங்கே ஒரு வெட்டு விழுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் கார்டு பாதி ஓய்வில் இருக்கிறது, நாலு கோரும் நூறு சதவீதத்தில் முட்டி நிற்கின்றன. இதே சாக்கெட்டில் ஐ7-4770 உட்காரும். ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓட்டும் எட்டு த்ரெட், அதுவும் அதே 84 வாட், ஆகவே பவர் சப்ளை கணக்கு மாறாது. பழசு 3,500 சொல்கிறார்கள்.

அதற்கு முன்னால் யுபிஎஸ். போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் கரண்ட் போனது. ஆல்பம் போட்ட காலத்தில் பத்து நிமிஷம் தாங்கிய 600 விஏ யுபிஎஸ், ஒரே ஒரு தடவை கத்திவிட்டு மொத்தமாகப் படுத்துவிட்டது. பையன் மேட்ச்சின் கடைசி ரவுண்டில் இருந்தான். இருட்டில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது: "பேட்டரி எவ்வளவுங்க?"