கேட்டலேஸை நம்பி மார்க்கை விட்ட கதை

எம்.எஸ்சி. உயிர்வேதியியல், மூன்றாம் செமஸ்டர். பத்து மார்க் கேள்வி: மூளைச் செல்களை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து (ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் தீவிர மூலக்கூறுகள் செல்லைச் சிதைப்பதிலிருந்து) காக்கும் நொதிகளை விளக்குக. பார்த்ததும் குஷி. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே உருப்போட்ட பட்டியல் அது. இரண்டரைப் பக்கம் எழுதினேன். கிடைத்தது நாலு மார்க்.

தப்பு என்னுடையதுதான். நான் எழுதியதைக் கல்லீரலுக்கும் அப்படியே ஒட்டலாம். கேள்வியில் 'மூளை' என்று இருந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஆகவே முதலில் மூளையைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே இழுத்துக்கொள்கிறது. அப்புறம் அதன் கொழுப்பு. இது எனக்குப் புரிந்தது அடுக்களையில்தான். தேங்காயெண்ணெய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. சாளைக் கருவாடோ கொஞ்சம் கவனிக்காமல் விட்டால் மஞ்சளித்துக் காறல் வாடை அடிக்கிறது. சாளையின் கொழுப்பில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம், ஆக்சிஜன் தாக்குதல் அங்கேதான் தொடங்கும். மூளைச் செல்லின் சவ்வில் நிறைந்திருக்கும் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு, சாளையில் இருக்கும் அதே கொழுப்பு அமிலம்.

சரி, நொதிகள். பட்டியலை விடுங்கள், ஒரு சூப்பர் ஆக்சைடின் பின்னாலேயே போங்கள். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் கசியும் எலக்ட்ரான் ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது பிறக்கிறது. 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அடையாளம் கண்ட எஸ்.ஓ.டி. (சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்) என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்குகிறது. சைட்டோசோலில், அதாவது செல்லுக்குள் இருக்கும் திரவத்தில், தாமிரம்-துத்தநாக வகை, மைட்டோகாண்ட்ரியாவில் மாங்கனீசு வகை. மாங்கனீசு வகை இல்லாமல் பிறக்கும் எலிகள் அதிக நாள் தாங்குவதில்லை. இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் சறுக்கியது அடுத்த படியில். காயத்தில் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கிறதே, அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியின் வேலை. அந்த நுரையை நினைத்து மூளையிலும் அதையே கதாநாயகனாக்கிவிட்டேன். உண்மையில் மூளையில் கேட்டலேஸ் குறைவு, இருப்பதும் பெரும்பாலும் பெராக்சிசோம் என்ற சிறு பைக்குள். மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்வது செலினியம் கொண்ட குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் பெராக்சிரிடாக்சினும். இதில் செலவான குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறைக் குளுட்டாதயோன் ரிடக்டேஸ் மீட்கிறது. அதற்கு எலக்ட்ரான் தரும் என்.ஏ.டி.பி.எச். பெரும்பாலும் குளுக்கோஸைப் பயன்படுத்தும் பென்டோஸ் பாஸ்பேட் பாதையிலிருந்து வருகிறது. சங்கிலியை இதுவரை கொண்டுபோனால்தான் பதில் முழுமை.

பெராக்சைடைத் தேங்கவிட்டால் என்ன? இரும்போடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்ற மிகத் தீவிரமான மூலக்கூறு ஆகிவிடும். அதை அடக்க நம்மிடம் நொதியே கிடையாது.

ஒரு பொறி: எஸ்.ஓ.டி.1 (அந்தத் தாமிரம்-துத்தநாக வகை) மரபணுப் பிறழ்வுக்கும், தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கும் தொடர்பு இருப்பது 1993-இல் தெரியவந்தது. நொதியின் செயல் குறைந்ததால் நோய் என்று எழுதத்தான் கை போகும், எழுதிவிடாதீர்கள். உருக்குலைந்த அந்தப் புரதமே நச்சாக மாறுவதுதான் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.