முள்ளியவளைக்கு ஒரு பை புத்தகம்

மாங்குளம் ஸ்டேசனில் இறங்கியபோது என்னுடைய முதுகுப் பையில் உடுப்பைவிடப் புத்தகம்தான் கூட இருந்தது. வன்னிக்குப் போவதென்றால் இப்படித்தான் பை கட்டுவேன். அங்கே இரவல் கொடுக்கவும் ஆள் இருக்கிறது, வாங்கி வரவும் ஆள் இருக்கிறது. போனது வைகாசி கடைசியில். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடிந்து, இலட்சக்கணக்கில் வந்த சனம் கலைந்து, பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கிற காலம்.

ரயிலில் கையில் வைத்திருந்தது ரொபேர்ட் நொக்ஸின் புத்தகம். 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாக 19 வருடங்களுக்கு மேல் இருந்த ஆங்கிலேயர் இவர். 1679 இல் சில்லறைச் சாமான் விற்கிறவர்கள் போல நடித்து, ஒரு கூட்டாளியோடு வடக்கே நழுவி, மல்வத்து ஓயா வழியாகக் காட்டுக்குள் நடந்து, மன்னார் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். புத்தகம் லண்டனில் 1681 இல் வந்தது. அதிலுள்ள வரைபடத்தில் வடபக்கம் ஒரு வன்னியனின் நாடு தனியாகக் குறித்திருக்கிறது. அக்காலத்தில் வன்னியை ஆண்ட கைலாய வன்னியனைத்தான் சொல்கிறார் என்று வரலாற்றுக்காரர் கொள்வார்கள். உண்மையைச் சொன்னால், முன்பாதியில் அரசனின் வரி, மந்திரிமார், பழக்கவழக்கம் என்று போகிற அத்தியாயங்கள் கொஞ்சம் இழுவை. அவற்றை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு, தப்பி ஓடுகிற பகுதிக்கு வந்துவிடுங்கள். மதவாச்சி தொடக்கம் மன்னார் வரை ஒரு தடவையாவது பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தப் பக்கங்களில் வெயிலே சுடும்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு பஸ். ஒலுமடு தாண்ட இரண்டு பக்கமும் காடு நெருங்கி வரும். பாலைப்பழக் காலம் என்பதால் பஸ்ஸுக்குள் பாதிப்பேரின் வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒரு கை நிறைய அள்ளித் தந்துவிட்டு, "கனக்கச் சாப்பிடாதேங்கோ தம்பி, பிறகு சோறு இறங்காது" என்றா. பாலைப்பழம் தின்ற கையால் புத்தகத்தைத் தொடவும் கூடாது, பால் பக்கங்களை ஒட்டிப்போடும். நொக்ஸ் பைக்குள் போய்விட்டார்.

ஒட்டுசுட்டானில் பஸ் கொஞ்சம் நின்றது. கற்சிலைமடு அங்கிருந்து தூரமில்லை. 1803 ஒக்டோபர் 31 இல், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்த இடம் என்று ஆங்கிலேயர் கல் நட்டது அங்கேதான். தோற்கடித்தவன் வைத்த கல்லைக் கொண்டே தோற்றவனை நினைவு வைத்திருக்கிறோம். இந்தப் பக்கத்து எழுத்தாளர் முல்லைமணி 'பண்டாரவன்னியன்' என்று ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். வாசிக்க விரும்பினால், தனியே மனதுக்குள் வாசிக்காதீர்கள். ஆளுக்கொரு பாத்திரமாகச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டியது அது.

நான் தங்கியது முள்ளியவளையில், நண்பனின் பெரியம்மா வீட்டில். அவ ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர். ஊர் முழுக்க அவவுக்கு 'ரீச்சர்' என்பதுதான் பெயர், நானும் அப்படியே சொல்கிறேன். வீட்டின் முன்னறையில் ஒரு இரும்பு அலுமாரி, அதற்குள் எல்லாப் புத்தகமும் பொலித்தீன் உறையோடு. வன்னியில் புத்தகத்துக்கு முதல் எதிரி கறையான். அதனால் மர அலுமாரி என்றால் ரீச்சர் சிரிப்பா. மேல்தட்டில் ஒரு சிஆர் கொப்பி. யார் என்ன புத்தகம் கொண்டுபோனது, எப்போது திருப்பித் தந்தது என்று சிவப்பு நீலப் பேனையில் எழுதிவைத்திருக்கிறா. திருப்பித் தராதவர்களின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குப் பயந்து நான் எப்போதும் வந்த உடனேயே பழைய கடனைத் தீர்த்துவிடுவேன்.

"2008 இல சண்டைக்கு வெளிக்கிடேக்க காணி உறுதி, பிள்ளையளின்ர சேர்டிபிகேட், அரிசி. புத்தகம் ஆர் தூக்கினது?" என்று ஒருமுறை சொன்னா. இப்போது இருப்பதெல்லாம் முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தது.

பையைத் திறந்து வைத்தேன். தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', சயந்தனின் 'ஆதிரை', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', இன்னும் இரண்டு மூன்று. முதல் இரண்டையும் ரீச்சர் அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுக்கினா.

"உது வேண்டாம் தம்பி. பட்டது காணும், இனி வாசிக்கவும் வேணுமே?"

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நாங்கள் வன்னி என்றதும் நீட்டுகிறதெல்லாம் போர் இலக்கியம்தான். அந்தப் புத்தகங்கள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2013 இல் வந்த 'ஊழிக்காலம்', பேரப்பிள்ளைகளையும் சட்டிபானையையும் காவிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்கிற ஒரு அம்மம்மாவின் கண்ணால் கடைசிப் போரைப் பார்க்கிறது. பெரிய வசனங்கள் இல்லை. அடுத்தவேளை உலைக்கு என்ன, பங்கர் எங்கே வெட்டுவது, பிள்ளைக்குப் பால்மா எங்கே என்பதுதான் கதை. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும். 2015 இல் வந்த 'ஆதிரை' தலையணை மொத்தம். ஆனால் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காட்டோரம் குடியேறிய சனத்தை அவ்வளவு கிட்ட வைத்துச் சொன்ன நாவல் வேறு எனக்குத் தெரியாது. முதல் 100 பக்கம் ஆட்களின் பெயர் குழம்பும், விட்டுவிடாதீர்கள்.

இந்த இரண்டையும் யார் வாசிக்க வேண்டும் என்றால், அங்கே இல்லாதவர்கள். அங்கே இருந்தவர்களுக்கு அதை நீட்டும்போது கொஞ்சம் யோசிக்கலாம்.

ரீச்சர் எடுத்தது 'கோபல்ல கிராமம்'. 1976 இல் வந்த நாவல், தெற்கே தமிழ்நாட்டுக் கரிசல் மண்ணின் கதை. வடக்கே தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி ஓடிவந்த குடும்பங்கள், முள்ளுக்காட்டை எரித்து அழித்து ஊர் உண்டாக்குகின்றன. அங்கே ஓடி வந்த கதையை ஊரின் மூத்த கிழவி சொல்லக் கேட்பது எனக்கு எப்போதும் அலுக்காத ஒன்று. எனக்குப் பிடித்த நாவல்களில் எது முதல் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். ரீச்சர் அன்றிரவே தொடங்கி, அடுத்தநாள் காலை இடியப்பம் அவிக்கிற நேரத்தில் குசினிக்குள்ளிருந்து சத்தம் போட்டா: "எங்கட அப்புவையளும் உப்பிடித்தான் காடு வெட்டினவை. ஆனா இவையளுக்கு யானைக் கரைச்சல் இல்லைப்போல!"

பதிலுக்கு அவ அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தது, நான் முன்பே வாசித்த புத்தகம். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', தண்ணிமுறிப்புக் குளத்தோரக் காட்டு ஊரின் கதை. "வாசிச்சிட்டன் ரீச்சர்" என்றேன். "தண்ணிமுறிப்புக்குப் போய் வாசிச்சனீரோ?" இல்லை. "அப்ப வாசிக்கேல்லை."

ரீச்சரின் பக்கத்து வீட்டுப் பெடியன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். ஏஎல் படிக்கிறவன், கலைப்பிரிவு. தண்ணீரூற்று, குமுளமுனை, அதற்கப்பால் காட்டை ஊடறுத்துப் போகிற கிரவல் ரோட்டு. வழியில் புதிய யானை லத்தி கிடந்த இடத்தில் வேகத்தைக் கூட்டினான். பிறகு குளக்கட்டில் ஏறியதும் சட்டென்று எல்லாம் திறந்துகொண்டது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பச்சை பிடித்த சிறுபோக வயல்.

'நிலக்கிளி' 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, உள்ளூர் நாவல்களுக்கு ஒரு பெரிய வாசகர் கூட்டம் கிடைத்த காலம். கையடக்கமான, மலிவான அந்தப் புத்தகங்கள் நாடு முழுக்கப் போயின. தண்ணீரூற்றில் பிறந்த பாலமனோகரன் இந்தக் காட்டையும் குளத்தையும் இங்கே இருந்த சில குடும்பங்களையும் வைத்து எழுதினார். சாகித்திய பரிசும் கிடைத்தது. வேட்டைக்காரக் கதிராமன், தாயில்லாமல் வளர்ந்த பதஞ்சலி, ஊர்ப் பெரிய மனிதராகிய கதிராமனின் தகப்பன், பள்ளிக்கூடத்துக்கு வருகிற வாத்தியார். இதற்கு மேல் கதையைச் சொன்னால் வாசிக்கப் போகிறவர்களுக்கு நான் செய்கிற அநியாயம். நான் முதல் வாசித்தபோது காதல் கதையாகத்தான் தெரிந்தது. குளக்கட்டில் நின்று பார்க்கும்போதுதான் விளங்கியது, கதிராமன் தகப்பனோடு முரண்பட்டுத் தனியே காடு வெட்டிக் குடிசை போடுவது எவ்வளவு பெரிய பிடிவாதம் என்று. பாலை, முதிரை, வீரை என்று ஆள் கட்டிப்பிடிக்க ஏலாத மரங்கள். அதை ஒருவன் கோடாலியால் வெட்டுகிறான்.

ரீச்சர் சொன்னபடி அங்கே இருந்து வாசிக்கலாம் என்றுதான் கொண்டுபோனேன். வெயில் விடவில்லை. நாலு பக்கத்தோடு மூடிவிட்டு மரநிழலுக்கு ஓடினோம்.

நாவலில் வருகிற ஊர் இப்போது இல்லை. 1984 கடைசியில் இந்தப் பக்கத்து எல்லைக் கிராமச் சனம் எழும்ப வேண்டி வந்தது. பாலமனோகரன் எழுதியபோது இப்படி ஆகும் என்று நினைத்திருக்க மாட்டார். ஆனால் யார் எந்த வழியால் குளத்துக்கு வந்தார்கள், எந்த மாதம் தேன் எடுத்தார்கள், உடும்புக்கு நாயை எப்படி விட்டார்கள் என்கிற விபரமெல்லாம் இன்றைக்கு அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் வன்னியைப் பற்றி வாசிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் கடைசிப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் தொடங்காதீர்கள் என்கிறேன். இழந்தது என்ன என்று தெரியாமல் இழப்பை மட்டும் வாசித்தால், வன்னிச் சனம் பிறந்ததே அகதியாகத்தான் என்ற எண்ணம் வந்துவிடும். முதலில் 'நிலக்கிளி'. அடுத்தது செங்கை ஆழியானின் 'காட்டாறு', 1977. அதில் வன்னி விவசாயியைச் சுரண்டுகிற உத்தியோகத்தர்களும் முதலாளிமாரும் வருகிறார்கள். எழுதியவரே அரச நிர்வாகத்தில் இருந்தவர் என்பதால், கந்தோருக்குள் கோப்பு எப்படி நகர்கிறது, எப்படி நகராமல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கடைசிப் பகுதி கொஞ்சம் அவசரம், ஆனாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு 'ஆதிரை', பிறகு 'ஊழிக்காலம்'.

பழைய பிரசுரங்கள் கடையில் கிடைப்பது அரிது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. பெடியனுக்கு அதைப் போனில் எடுத்துக் காட்டினேன். டேட்டா எவ்வளவு போகும் என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

ரீச்சர் ஒதுக்கிய இரண்டையும் கடைசியில் கொண்டுபோனவனும் அவன்தான். 2009 இல் கைக்குழந்தையாக இருந்தவன். "வீட்டில கேட்டா ஒருத்தரும் சொல்லமாட்டினம் அண்ணா. அம்மா எழும்பிப் போயிடுவா" என்றான். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை எடுத்து அவனுடைய பெயரை எழுதி, "அம்மாவுக்கு முன்னால வைச்சு வாசியாதை" என்று மட்டும் சொன்னா. என்னுடைய புத்தகம் அவவின் கொப்பியில் ஏறியதில் எனக்கொரு பெருமை.

வெளிக்கிடுகிற அன்று அவனுடைய தங்கச்சி, ஆறாம் வகுப்பு, படலையடிக்கு வந்து நின்றாள். அண்ணனுக்குப் புத்தகம் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்ற கோபம். என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன்.

"பேய்க்கதை."

"என்ன பேய்?"

"நல்லாப் பயமா இருக்கவேணும். ஆனா கடைசியில பேய் சாகக்கூடாது."

பையில் அப்படி ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணம் வந்ததிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு ஏற்றதாகத் தமிழில் நல்ல பேய்க்கதை பிடிப்பது, வீரகேசரிப் பிரசுரத்தில் முதற்பதிப்பு பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.