தையல்காரிக்கு ஏற்ற ஸ்டூடியோ எது?

கோலாலம்பூர் செந்தூலில் பரதநாட்டிய உடை தைத்துக் கொடுப்பது என் தொழில். படம் பார்க்க உட்கார்ந்தாலும் என் கண் கதாநாயகியின் முகத்தில் நிற்காது. ரவிக்கைக் கையில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்விடும். அதனால், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு ஒரு சினிமா ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததுமே, இடம் தேடும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பையன் சிங்கப்பூர் யுனிவர்சல் என்றான். அது கேளிக்கைப் பூங்கா. ராட்டினம் ஏறத்தான் என்றால் இங்குள்ள கெந்திங் பூங்காவே போதுமே!

மாமியாருக்கு ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி மேல் ஆசை. 1996இல் தொடங்கியது, உலகிலேயே பெரிய ஸ்டூடியோ வளாகம் என்று கின்னஸில் இடம் பிடித்தது. ரயில் நிலையம், விமான நிலையம் எல்லாம் செட்டாகவே நிற்கின்றன. ஆனால் பஸ்ஸில் ஏற்றி இடம் இடமாகக் கொண்டுபோவார்கள். பரப்பைப் பார்த்து வாயைப் பிளக்கலாம், தையலைக் கிட்டப் போய்ப் பார்க்க அது சரிப்படாது. ஹாலிவுட் யுனிவர்சலில் 1964 முதல் டிராம்; செயற்கை நிலநடுக்கம், தண்ணீரிலிருந்து பாயும் சுறா. பர்பேங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் இன்றும் படப்பிடிப்பு நடக்கும் இடம். சிறிய வண்டியில் வழிகாட்டியோடு போகலாம். எனக்கு ஆசைதான், ஆனால் அமெரிக்க விசாவுக்கு அலைய என் வீட்டுக்காரர் தயாராக இல்லை.

மிஞ்சியவை லண்டனும் டோக்கியோவும். இரண்டுமே ஹாரி பாட்டர் படங்களை எப்படி எடுத்தார்கள் என்று காட்டுபவை, நடந்தே பார்க்கலாம். டோக்கியோவில் 2023இல் திறந்தார்கள். பக்கம், விசாவும் வேண்டாம். இவருடைய ஓட்டு அதற்குத்தான். ஆனால் அங்குள்ள செட்டுகள் பார்வையாளர்களுக்காகப் புதிதாகக் கட்டியவை. லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டனில் இருப்பது படம் எடுத்த அதே இடம். ஒரு காலத்தில் விமானத் தொழிற்சாலை. 2012இல் மக்களுக்குத் திறந்தார்கள். படத்தில் வரும் மந்திரப் பள்ளியின் பெரிய மண்டபத்தில், கல் தளம் நடிகர்கள் நடந்த அதே தளம். அந்தப் பள்ளி இருக்கும் கோட்டை என்று நாம் திரையில் பார்த்தது, 24இல் ஒரு பங்கு அளவில் கையால் செய்த மாதிரி.

எனக்கு உடைகள்தான் முக்கியம். சண்டைக் காட்சி என்றால் ஒரே உடையைப் பல பிரதிகள் தைப்பார்கள்: ஒன்று புதிது, ஒன்று அழுக்கானது, ஒன்று கிழிந்தது. புதுத் துணியை உப்புத்தாளால் தேய்த்து, சாயம் பூசி, முழங்கையைப் பழசாக்குவதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. நான் இங்கே அக்குள் பக்கம் வியர்வையில் வெளுத்த பட்டைப் புதிதாகக் காட்டப் படாதபாடு படுகிறேன், அவர்கள் நேர்மாறான வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார்கள்! கேமரா பார்த்த துணியில் அந்த வேலையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும்.

சரி, லண்டன் என்று முடிவாகிவிட்டது. ஹாரோவில் என் சின்னம்மா மகள் இருப்பதால் தங்கும் செலவு இல்லை. வாட்ஃபோர்ட் ஜங்ஷன் வரை ரயில், அங்கிருந்து ஸ்டூடியோ பஸ். டிக்கெட்டை நேரம் குறித்து முன்கூட்டியே எடுக்க வேண்டும், வாசலில் கிடைக்காது. அதனால் முதலில் அந்த டிக்கெட், அப்புறம்தான் விமானம்.

மாமியார் ஹைதராபாத்தை விடுவதாயில்லை. அவருக்கு முட்டி வலி வேறு. அவரை அங்கேதான் அழைத்துப் போகவேண்டும், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.