ஷீட்டும் கறுப்பு மணலும்

செப்டம்பர் 8

மழை விட்டதால் இன்று ரப்பர் மரங்களில் பால்வெட்டு நடந்தது. பாலை அரித்து ட்ரேயில் ஊற்றி, தண்ணீரில் கலக்கிய ஃபார்மிக் ஆசிட்டை விட்டேன். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களெல்லாம் எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே திரியும். ஆசிட் அதைத் தணித்ததும் ஒட்டத் தொடங்கிவிடும். உறைந்த பிறகு விரலால் அமுக்கினால் குழிந்து எழும்புகிறது, ஓரத்தில் தெளிந்த தண்ணீர் கசிகிறது.

உறைந்ததை ஷீட்டாக அழுத்த மெஷினில் விடும்போது மகள் கேட்டாள். பிளஸ் ஒன் படிக்கிறாள்.

“அணுவுக்குள்ள முக்காலும் வெறும் இடம்னு சார் சொன்னாரு. அப்போ என் விரல் ஏன் இதுக்குள்ள போகல்ல அப்பா?”

“ராத்திரி சொல்லுகேன் மக்ளே.”

செப்டம்பர் 9

ராத்திரி கரண்ட் இல்லை. பேசத் தோதான நேரம்.

1911-ல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவில் கரு உண்டென்று சொன்னார். அதன் குறுக்களவு அணுவில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. எடை முழுக்க அநேகமாக அதில்தான். மிச்சமெல்லாம் வெறும் இடம் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. எலக்ட்ரான் எங்கோ ஒரு மூலையில் சுற்றும் குண்டுமணி இல்லை, அந்த இடம் முழுக்கப் பரந்து கிடக்கிற அலை.

எலக்ட்ரானை எலக்ட்ரான் தள்ளும், அதனால்தான் விரல் நுழையாது என்பது பாதி பதில். கருவின் இழுவையும் கூடவே இருக்கிறதே! மீதியை 1925-ல் வுல்ஃப்காங் பௌலி சொன்னார். ஓர் ஆர்பிட்டாலில், அதாவது அணுவில் எலக்ட்ரான் அலை தங்கும் ஓர் இடத்தில், ஒரு ஜோடி எலக்ட்ரானுக்குத்தான் இடம், அதுவும் சுழற்சி எதிரெதிராக இருந்தால். மூன்றாவது வந்தால் மேல்படிக்குப் போக வேண்டியதுதான். விரலின் எலக்ட்ரான்களும் ஷீட்டின் எலக்ட்ரான்களும் ஒரே இடத்துக்கு வந்தால் சிலது மேல்படி ஏறியாக வேண்டும். அதற்கான ஆற்றலைக் கொடுக்க விரலுக்கு வக்கில்லை. இந்த விதியால்தான் பொருள் தனக்குள் சுருங்கிவிடாமல் நிற்கிறது என்பதை 1967-ல் ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் கணக்காகவே நிரூபித்தார்கள்.

“ம்” என்றாள். பாதி தூக்கத்தில் இருந்திருப்பாள்.

செப்டம்பர் 14

மணவாளக்குறிச்சியில் கல்யாணம். இரண்டு பாயசம், இரண்டும் நன்றாக இருந்தன. சாப்பிட்டுக் கடற்கரைக்குப் போனோம். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தம் பையில் இருந்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணலில் புரட்டினேன். கறுப்பு மணிகள் கவரின்மேல் மயிர் சிலிர்த்தாற்போல் குத்திட்டு நின்றன. வெள்ளை மணிகள் உதிர்ந்துவிட்டன.

கறுப்பு, இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதன் ஒவ்வொரு இரும்பு அணுவிலும் ஜோடி சேராத எலக்ட்ரான் நான்கு. காந்தத்துக்கு அதுதான் பிடி. உதிர்ந்த குவார்ட்ஸிலும் சிர்க்கானிலும் எல்லாம் ஜோடி சேர்ந்தவை. அன்றைக்கு இருட்டில் சொன்ன அதே ஜோடிக் கணக்கு இங்கே ஆளைப் பிரிக்கிறது. மகளுக்கு இப்போதுதான் முகம் தெளிந்தது.

இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அந்த மோனசைட்டில் உள்ள ஒரு தனிமம்தான் நியோடிமியம். என் கையில் இருந்த காந்தத்திலும் அதுதான்!

செப்டம்பர் 16

ஷீட் புகைபோட்டுத் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. இதில் பெரும்பகுதி வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறை ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலிகள் சிக்குப்பிடித்துக் கிடக்கின்றன. இழுத்தால் நிமிரும், விட்டால் சுருளும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் விழும். சார்ல்ஸ் குட்இயர் 1844-ல் காப்புரிமை வாங்கிய வேலை அது. கந்தகம் கொஞ்சமானால் டயர். அள்ளிப்போட்டால் எபோனைட், பெரியப்பாவின் மைப்பேனா மாதிரி கெட்டி. அணு அதே அணு, பிடிப்புத்தான் வேறே.

“அப்போ மரத்துல ஒட்டிக் காஞ்ச நம்ம ஒட்டுப்பால்ல கந்தகம் போட்டுப் பேனா செஞ்சா என்ன?”

“ஒட்டுப்பாலையாவது வியாபாரி எடுப்பான் மக்ளே. பேனாவ எவன் எடுப்பான்?”