நீட்டிய தட்டும் ஒரு பதிலும்

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கப்பா, எல்லாருக்கும்தான் கொண்டு வந்தேன்."

"வேண்டாம்க்கா, டயட்ல இருக்கேன்."

"உனக்கு எதுக்கு டயட்? நீயே ஒல்லியாத்தான இருக்க!"

அதற்கு மேல் டயட் என்றவர் மறுக்கவில்லை. பாதித் துண்டு கேக் போதும் என்றார், முழுத் துண்டு கிடைத்தது. மாலைக்குள் இன்னும் இரண்டு துண்டு உள்ளே போயிருந்தது. எந்த அலுவலகத்திலும் நடக்கிற உரையாடல்தான். உணவு ஆலோசனை சொல்கிற நாங்கள் இந்த இடத்துக்கு வந்ததும் 'உறுதியாக மறுத்துவிடுங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் 'டயட்ல இருக்கேன்' என்ற அந்தப் பதிலை எடுத்துக்கொள்வோம். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தை வைத்தே வாதம் தொடங்கிவிடும். 'டயட்' என்றதும் பேச்சு கேக்கை விட்டுவிட்டு, மறுத்தவரின் உடம்புக்குப் போய்விடுகிறது. நாலு பேர் எதிரில் தன் எடையைப் பற்றி விவாதம் நடப்பதைவிட ஒரு துண்டைத் தின்றுவிடுவது சுலபம். 'இப்ப வேண்டாம்' என்பதும் உதவாது, ஒரு மணி நேரத்தில் தட்டு திரும்பி வரும். ஓரளவு பலிப்பது வேறு வழி. கொண்டு வந்தவரைப் பற்றிக் கேட்க வேண்டும். "நீங்களே செஞ்சீங்களாக்கா? பார்க்கவே நல்லா இருக்கு. எனக்கு வேண்டாம்க்கா, ரொம்ப நன்றி." காரணம் இல்லை, மன்னிப்பும் இல்லை. கொடுப்பவர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அந்த அங்கீகாரத்தைத்தான். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடிகிறது. சிலருக்குத் தங்கள் கண்ணெதிரே சாப்பிட்டால்தான் நிறைவு.

அடுத்தது மன உறுதி. 1998-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அப்போதுதான் சுட்ட சாக்லேட் குக்கீ மணக்கும் அறையில் சிலருக்கு முள்ளங்கி மட்டும்தான் அனுமதி. பிறகு தீர்க்கவே முடியாத புதிரைக் கொடுத்தபோது, முள்ளங்கிக்காரர்கள் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள், குக்கீ சாப்பிட்டவர்கள் சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். ஆசையை அடக்குவதால் மன உறுதி தீர்ந்துபோகிறது என்ற முடிவு அப்படிப் பரவியது. 2016-இல் 23 ஆய்வகங்கள் 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அதே கருத்தை வேறொரு பணியைக் கொண்டு சோதித்தன. விளைவு ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே 'உங்கள் உறுதி நாலு மணிக்குத் தீர்ந்துவிட்டது' என்று இனி நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. ஆனாலும் காலையில் எளிதாக மறுப்பவர்கள் நாலு மணிக்குத் தடுமாறுவது கண்கூடு.

அதற்குச் சாதாரணக் காரணங்களே போதும் என்று நினைக்கிறேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவருக்கு நாலு மணி என்பது மூன்றரை மணி நேர இடைவெளி. மதிய உணவு மாவுச்சத்தாகவே இருந்து, புரதமும் காய்கறியும் குறைந்திருந்தால் பசி இன்னும் முன்னதாகவே வரும். முந்தைய இரவு தூக்கம் குறைவு என்றால் இனிப்பின் மீது நாட்டம் கூடும். பிற்பகலில் விழிப்பு இயல்பாகவே சற்று இறங்குகிறது, அது பசி மாதிரியே தோன்றும். இத்தனையும் சேர்கிற நேரத்தில்தான் தட்டு வருகிறது. மூன்றரை மணிக்கே எதையாவது சாப்பிட்டுவிட்டால் அந்த உரையாடலின் பாதிச் சுமை குறைந்துவிடும்.

எதைச் சாப்பிடுவது? 30 கிராம் பாதாம் அல்லது வேர்க்கடலை, ஏறக்குறைய 170 முதல் 180 கிலோ கலோரி. அல்லது ஒரு ஆப்பிளும் சர்க்கரை சேர்க்காத ஒரு கப் தயிரும். இதில் கெட்டுப்போகிற இடம் அளவுதான். அரைக் கிலோ பாக்கெட்டை மேசை இழுப்பறையில் வைத்தால் 30 கிராமோடு கை நிற்காது. காலையில் வீட்டிலேயே சிறிய டப்பாவில் அளந்து போட்டு வர வேண்டும், அன்றைக்கு ஒரு டப்பாதான். உப்பு போட்டு வறுத்தது வேண்டாம், அது இன்னொரு கைப்பிடியைக் கேட்கும். 'சர்க்கரை இல்லாதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டிலும் மாவும் கொழுப்பும் அப்படியேதான் இருக்கின்றன.

கோப்பையையும் பார்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நாலு கோப்பை டீ என்றால் 32 கிராம். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை நாளின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது 2015-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம். கேக்கை மறுத்துப் போராடுகிறவர், யாரும் வற்புறுத்தாமலே அதைத் தாண்டிவிடுகிறார். வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும், ஒரே நாளில் நிறுத்தினால்தான் பிஸ்கட் தேடும். பிஸ்கட் டப்பா டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் கேடுதான். கூகுள் அலுவலகம் ஒன்றில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், தின்பண்டத்திலிருந்து 6.5 அடி தள்ளிப் பானம் எடுத்தவர்கள், 17.5 அடி தள்ளி எடுத்தவர்களைவிட அதிகமாகத் தின்பண்டத்தையும் எடுத்தார்கள். தள்ளி வைப்பதற்குச் செலவில்லை, யாரும் யாரையும் கண்டிக்கவும் தேவையில்லை.

ஆனால் டப்பாவைத்தான் தள்ளி வைக்கலாம். தட்டோடு நம் மேசைக்கே வருகிறவரை என்ன செய்வது? இங்கேதான் என் நிலை மாறிக்கொண்டே இருக்கிறது. வாரத்தில் ஒரு 50 கிராம் துண்டு, சுமார் 200 கிலோ கலோரி, யாரையும் கெடுக்காது. அன்போடு தருவதை வாங்கிச் சாப்பிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. உடனே கணக்கு குறுக்கே வருகிறது: இருபது பேர் இருக்கும் பிரிவில் பிறந்தநாள் மட்டுமே வருடத்தில் இருபது, அதோடு பணி உயர்வு, விடைபெறல், ஊரிலிருந்து திரும்புகிறவர்களின் பெட்டி. எது விசேஷம், எது வழக்கம் என்ற கோடு சீக்கிரமே அழிந்துவிடுகிறது. அதனால்தான் தட்டு வருவதற்கு முன்பே முடிவெடுக்கச் சொல்கிறோம்: 'பிறந்தநாள் என்றால் ஒரு துண்டு, உட்கார்ந்து, மற்ற நாட்களில் நன்றி மட்டும்.' இப்படி 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது பொதுவான உறுதிமொழியைவிட நன்றாக நிற்கிறது. மேலே சொன்னவருக்கு அப்படி ஒரு முடிவு இருந்திருந்தால் முதல் துண்டைத் தயங்காமல் தின்றிருப்பார். அடுத்த இரண்டும், 'இன்றைக்கு எப்படியும் கெட்டுப்போச்சு' என்ற நினைப்பில் தின்றவை. எனக்குக் கவலை அந்த இரண்டைப் பற்றித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறிவுரை முழுவதையும் மறுக்கிறவருக்கே கொடுத்துவிடுகிறோம். வெட்டுகிறவரிடமும் சிலவற்றைக் கேட்கலாம். ஒரு கிலோ கேக்கைப் பத்தாக வெட்டாமல் இருபதாக வெட்டலாம். தட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகாமல் ஓரிடத்தில் வைத்துவிட்டு, வேண்டியவர்கள் வந்து எடுக்கட்டும் என்று விடலாம். வேண்டாம் என்றவரிடம் இரண்டாம் முறை கேட்காமல் இருக்கலாம். இதை அந்த அக்காவிடம் யார், எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் என்னிடம் நல்ல வாக்கியம் இல்லை.